மேசைப் பெட்டியும் ரேக்கின் காதும்

கணினி என்றதும் நம்மில் பலர் கண்முன் வருவது, மேசைக்கடியில் காலருகே நிற்கும் நெட்டைப் பெட்டியே. அதே கணினி ஓர் ஆய்வகத்தில் பலர்க்கும் பொதுவாய், இரவும் பகலும் ஓய்வின்றி உழைக்க வேண்டி வரும்போது அதனைச் சர்வர் என்கிறோம். சர்வர்கள் தரையில் நிற்பதில்லை. இரும்பாலான நெடிய சட்டமொன்றில், இழுப்பறைகளைப் போல ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கும். அச்சட்டத்திற்கு ரேக் என்று பெயர். ரேக்கில் ஏறுவதற்கென்றே செய்யப்பட்ட பெட்டியின் விலை மாணவர் ஆய்வகம் ஒன்றால் எளிதில் தாங்கக்கூடியதன்று. ஆனால் எந்தத் துறையிலும் ஏதேனும் ஒரு மூலையில், கழித்துப் போட்ட மேசைக் கணினிகள் நான்கைந்து கிடக்கும். இவற்றை ரேக்கில் ஏற்றினால் என்ன என்னும் எண்ணம் எழுவது இயல்பு.

ஏற்றலாம். ஆனால் அதற்கு அளவறிய வேண்டும், சுமையறிய வேண்டும், எல்லாவற்றினும் மேலாகக் காற்றின் போக்கை அறிய வேண்டும். தில்லியில் எங்கள் ஆய்வகத்தில் இப்பணியை மேற்கொண்டபோது முதலிரண்டையும் நான் அறிந்திருந்தேன், மூன்றாவதை அறியேன். அந்த அறியாமையால் மூத்த மாணவர் ஒருவரின் ஆய்வேடு ஏறத்தாழ ஒரு மாதம் பின்தங்கியது. அவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. ஆயினும் நம் மன்றத்து நண்பர் வேறொருவர் அதே தவற்றைச் செய்யலாகாது என்றே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

முன்னோர் சென்ற வழி

மேசைக் கணினிகளை ஒன்று சேர்த்துப் பெரிய வேலை வாங்குவது புதிய கருத்தன்று. 1994இல் அமெரிக்க நாசாவின் காடர்டு விண்வெளி மையத்தில் தாமஸ் ஸ்டெர்லிங், டொனால்டு பெக்கர் என்னும் இருவர், கடையில் கிடைக்கும் 486 வகைச் செயலிகள் பதினாறை ஈதர்நெட் கம்பியால் இணைத்துப் பேயோவுல்ஃப் என்னும் கணினிக் கூட்டத்தை உருவாக்கினர். 1999இல் கூகுள் நிறுவனத்தார் சாதாரண மதர்போர்டுகளைப் பெட்டியே இல்லாமல், தக்கைத் தாள் விரித்த தட்டுகள்மீது பரப்பி ரேக்கில் செருகினர். தக்கை மின்சாரத்தைக் கடத்தாது என்பதே அதன் பயன். அந்த ரேக்குகளில் ஒன்று இன்று கலிபோர்னியாவிலுள்ள கணினி வரலாற்று அருங்காட்சியகத்தில் காட்சிப் பொருளாய் நிற்கிறது.

2003இல் அமெரிக்காவின் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகம் இன்னும் துணிந்து நின்றது. பவர் மேக் ஜி5 என்னும் மேசைக் கணினிகள் 1,100ஐ வாங்கி, சட்டங்களில் வரிசை வரிசையாக நிறுத்தி இணைத்தனர். அவ்வாண்டு நவம்பரில் வெளியான உலகப் பெருங்கணினிப் பட்டியலில் அது மூன்றாம் இடம் பெற்றது. ஆனால் மறு ஆண்டே அப்பெட்டிகளை நீக்கிவிட்டு, ரேக்குக்கென அமைந்த எக்ஸ்சர்வ் கணினிகளை வைத்தனர். இடம் பெரிதும் மிஞ்சியது. நினைவகத்தின் பிழைகளைத் தானே திருத்திக்கொள்ளும் வசதியும் கிடைத்தது. மேசைக் கணினியால் பெரும்பணி செய்ய இயலும் என்பதற்கும், அதற்கோர் எல்லை உண்டு என்பதற்கும் இந்நிகழ்ச்சி ஒன்றே போதிய சான்றாகும்.

ரேக்கின் அளவு

ரேக் என்பது நூறாண்டுப் பழமையுடையது. அமெரிக்கத் தொலைபேசி நிலையங்களில் ரிலேக்களையும் பிற கருவிகளையும் அடுக்கி வைக்க எழுந்த சட்டமே இன்றும் சிறு மாறுதல்களோடு வழங்குகிறது. இ.ஐ.ஏ. 310, ஐ.இ.சி. 60297 என்னும் இரு தர வரையறைகள் அதன் அளவுகளை நிறுவியுள்ளன. ஆகவே எந்த நாட்டில் செய்த ரேக்காயினும் கீழ்வரும் எண்கள் பொருந்தும்.

முகப்புத் தகட்டின் அகலம் 19 அங்குலம், அதாவது 482.6 மி.மீ. இதனாலேயே இதனைப் பத்தொன்பதங்குல ரேக் என்பர். ஆனால் 19 அங்குலப் பெட்டி உள்ளே நுழையும் என்று எண்ணிவிடுதல் கூடாது. இரு தூண்களுக்கும் இடைப்பட்ட திறப்பு 450 மி.மீ. மட்டுமே. எஞ்சிய அகலம் தூண்களின்மேல் படியும் பகுதி. அப்பகுதிக்கே காது என்று பெயர். இடத் தூணிலுள்ள துளையின் நடுவிலிருந்து வலத் தூணிலுள்ள துளையின் நடுவுக்கு 465.1 மி.மீ.

உயரத்தை யூ என்னும் அலகால் அளப்பர். ஒரு யூ 1.75 அங்குலம், அதாவது 44.45 மி.மீ. ஒவ்வொரு யூவுக்கும் மூன்று துளைகள் உண்டு. அவற்றின் இடைவெளிகள் ஒரே அளவின அல்ல. 15.875, மீண்டும் 15.875, பின் 12.7 மி.மீ. என்று முறை வைத்து வரும். குறுகிய 12.7 இடைவெளியின் நடுவில்தான் ஒரு யூ முடிந்து அடுத்தது தொடங்குகிறது. இதனை மறந்து, கண்ட துளையிலிருந்து எண்ணத் தொடங்கினால் மேலே அடுக்கும் கருவி எதுவும் பொருந்தாது. தகடு வெட்டும்போது மொத்த உயரத்தில் ஏறக்குறைய 0.8 மி.மீ. குறைத்துக்கொள்ள வேண்டும். நான்கு யூ என்பது 177.8 மி.மீ.; அதற்குரிய தகடு 177 மி.மீ. அண்டை வீட்டாரோடு உரசாதிருக்க விட்ட சந்து என்று இதனைக் கொள்க.

பெட்டியின் அளவு

இனி மேசைப் பெட்டியைப் பார்ப்போம். 1995இல் இன்டெல் நிறுவனம் வகுத்த ஏ.டி.எக்ஸ். என்னும் அமைப்பே இன்றைய மேசைக் கணினிகள் பலவற்றுக்கும் அடிப்படை. அதன் மதர்போர்டு 305க்கு 244 மி.மீ.; அதன் தம்பியான மைக்ரோ ஏ.டி.எக்ஸ். 244க்கு 244. இரண்டுமே 450 மி.மீ. திறப்பில் தாராளமாக நுழையும். இடர் போர்டில் இல்லை. அதைச் சுற்றியுள்ள பெட்டியில்தான் இருக்கிறது.

நிற்கும் பெட்டியைப் பக்கவாட்டில் படுக்க வைத்தால், அதன் உயரம் ரேக்கில் அகலமாகும்; அதன் அகலம் ரேக்கில் உயரமாகும். ஆகவே அளவுநாடாவை எடுத்து முதலில் இரண்டு எண்களைக் குறித்துக்கொள்க. பெட்டியின் உயரம் 450 மி.மீ.க்கு உட்பட வேண்டும். இக்காலத்துப் பெரிய பெட்டிகள் பல இதனை மீறுவன. மீறினால் அப்பெட்டியை அதே வடிவில் ஏற்ற இயலாது. பெட்டியின் அகலம் 177 மி.மீ.க்கு உட்பட்டால் நான்கு யூவில் அடங்கும், 221 மி.மீ.க்கு உட்பட்டால் ஐந்து யூ. எங்களுக்குக் கிடைத்தவை அலுவலகங்களில் பயன்படும் சிறு பெட்டிகள் நான்கு. அகலம் 168, உயரம் 358, நீளம் 415 மி.மீ. நான்கும் சேர்ந்து பதினாறு யூ. எங்கள் ரேக்கோ இருபத்து நான்கு யூ. கணக்கு இனிதே பொருந்தியது.

எப்பக்கத்தைக் கீழாக்குவது? வழக்கமான பெட்டியை முன்னிருந்து நோக்கினால் மதர்போர்டு வலப்பக்கத் தகட்டில் பொருத்தப்பட்டிருக்கும். திறக்கும் கதவு இடப்பக்கம் இருக்கும். ஆதலின் வலப்பக்கம் கீழாகப் படுக்க வைக்க வேண்டும். இதனால் ஒரு நன்மையும் உண்டு. நிற்கும் பெட்டியில் செயலியின் மேலுள்ள குளிர்விப்பானும், கிராபிக்ஸ் அட்டையும் சுவரில் அறைந்த பலகைபோல நீட்டிக்கொண்டு தொங்குகின்றன. படுத்த பெட்டியில் அவை நேரே நிமிர்ந்து நிற்கும். அவற்றின் எடை நேர்கீழாகப் போர்டின்மேல் இறங்கும். ஆண்டுக்கணக்கில் தொங்கித் தொய்ந்த அட்டைகளுக்கு இது ஓய்வு என்றே சொல்லலாம். வன்வட்டு படுத்தாலும் பக்கவாட்டில் நின்றாலும் செவ்வனே சுழலும். சாய்வாக மட்டும் வைத்தலாகாது.

பெட்டியை அறுத்து, உள்ளிருக்கும் போர்டுத் தட்டை மட்டும் பிரித்தெடுத்து, அதனை இன்னும் தாழ்வான தட்டில் பொருத்துவாரும் உளர். அங்ஙனம் செய்ய விரும்புவோர் மூன்று எண்களை நினைவிற் கொள்க. ஏ.டி.எக்ஸ். பவர் சப்ளையின் உயரம் 86 மி.மீ.; எனவே அடித்தகடும் மூடியும் போக இரண்டு யூவில் (88.9 மி.மீ.) அதனை நுழைப்பது அரிது. முழு உயர அட்டையின் உலோகப் பட்டை ஏறக்குறைய 120 மி.மீ.; எனவே அட்டை நிமிர்ந்து நிற்க மூன்று யூவாவது வேண்டும். கோபுரம் போன்ற குளிர்விப்பான்கள் 150 மி.மீ.க்கு மேலும் உயர்வன. அவற்றிற்கு நான்கு யூ வேண்டும். மேலும், பெயர் பெற்ற நிறுவனங்களின் அலுவலகக் கணினிகள் சிலவற்றில் போர்டும் பவர் சப்ளையும் இவ்வளவுகளுக்கு உட்படாமல் தத்தமக்கென்று தனி வடிவம் கொண்டிருக்கும். அவற்றை அறுத்த பின் வேறு பெட்டியில் பொருத்த இயலாது. அளக்காமல் அறுப்பவன் இருமுறை அழுவான் என்று எங்கள் பட்டறைக்காரர் சொல்லுவார்.

சுமை தாங்குவது எது?

ரேக் சர்வரைப் பார்ப்பவர், முன்னால் உள்ள காதுகளின் திருகுகளே அதனைத் தாங்குகின்றன என்று எண்ணுதல் கூடும். சிறு கருவிகளுக்கு அது பொருந்தும். கணினிப் பெட்டிக்குப் பொருந்தாது. ஏன் என்பதைப் பள்ளியில் கற்ற நெம்புகோல் கணக்காலேயே காணலாம்.

நம் பெட்டி 10 கிலோ எடை என்று கொள்வோம். அதன் எடைமையம் முகப்பிலிருந்து சுமார் 22 செ.மீ. உள்ளே இருக்கும். எடை 98 நியூட்டன், 0.22 மீட்டரால் பெருக்கினால் ஏறக்குறைய 21.6 நியூட்டன் மீட்டர் திருப்புவிசை. இதனை எதிர்க்க வேண்டியவை காதின் மேல் திருகும் கீழ்த் திருகும். நான்கு யூ காதில் அவற்றிடையே உள்ள தொலைவு 165 மி.மீ. எனவே கீழ்த் திருகுகளை முன்னோக்கி இழுக்கும் விசை 21.6ஐ 0.165ஆல் வகுக்க, ஏறக்குறைய 131 நியூட்டன். அதாவது 13 கிலோ எடை ஓயாது பிடித்து இழுப்பதற்குச் சமம். எஃகுத் திருகுக்கு இது பொருட்டன்று. ஆனால் மேசைப் பெட்டியின் தகடு பெரும்பாலும் ஒரு மி.மீ.க்கும் மெல்லியது, நாள்தோறும் விசிறியின் அதிர்வால் வளைந்து வளைந்து, துளையைச் சுற்றிக் கிழிந்துவிடும்.

ஆகவே விதி இது. சுமையைத் தட்டு தாங்க வேண்டும். காது, பெட்டி முன்னே நழுவாமல் பிடித்தால் போதும். தட்டும் முன் தூண்களில் மட்டும் தொங்குவதாய் இராமல், முன்னும் பின்னும் நான்கு தூண்களிலும் பற்றுவதாய் இருத்தல் நன்று. நாங்கள் 2 மி.மீ. இரும்புத் தகட்டை இருபுறமும் மேல்நோக்கி மடக்கித் தட்டுகளாகச் செய்வித்தோம். பெட்டி 168, தட்டு 2, ஆக 170 மி.மீ.; நான்கு யூவின் 177.8இல் இன்னும் விரற்கடை அளவு எஞ்சியது. தூண்களின் சதுரத் துளைகளில் கேஜ் நட்டு என்னும் கூட்டுக்குள் அடங்கிய நட்டைச் செருகி, எம்6 திருகால் முடுக்க வேண்டும். கேஜ் நட்டைச் செருகும்போது அதற்குரிய கொக்கியைப் பயன்படுத்துக. திருப்புளியால் நெம்பி விரலைக் கிழித்துக்கொண்டோர் எங்கள் ஆய்வகத்தில் இருவர். அவர்களுள் ஒருவன் நான்.

எடை மிக்கதைக் கீழேயும், இலேசானதை மேலேயும் வைத்தல் வேண்டும் என்பதையும் ஈண்டுக் கூறிவிடுகிறேன். ரேக்கைத் தரையோடு அல்லது சுவரோடு பிணைக்காமல், மேல் தட்டிலுள்ள கணினியை வெளியே இழுத்தால் ரேக் முழுவதுமே ஆள்மேல் சாயும்.

காது செய்தல்

எங்கள் பெட்டியின் அகலம் படுத்த நிலையில் 358 மி.மீ. முகப்பின் அகலமாகிய 482.6இலிருந்து அதனைக் கழித்து, இரண்டால் வகுக்க ஒவ்வொரு காதும் 62.3 மி.மீ. அகலம் பெறும். துளைகளிடைத் தொலைவாகிய 465.1இலிருந்து அதே 358ஐக் கழித்து வகுக்க, பெட்டிச் சுவரிலிருந்து துளையின் நடு 53.5 மி.மீ. இம்மாதிரியே தத்தம் பெட்டிக்கு உரிய எண்களைக் கண்டுகொள்ளலாம். துளையை வட்டமாக இடாமல், பக்கவாட்டில் நீண்ட முட்டை வடிவில் இட்டால் ஓரிரு மி.மீ. பிழையும் பொறுக்கப்படும்.

சாவ்ரி பஜாரில் தகடு வாங்கி, பக்கத்துப் பட்டறையில் மடக்கக் கொடுத்தோம். என் இந்தி அரைகுறை. கணினிக்குக் காது வேண்டும் என்று சொல்லத் தெரியாமல், என் காதையே பிடித்துக் காட்டி ‘கான்’ என்றேன். பட்டறைக்காரர் சிரிக்காமல், ‘எத்தனை ஜோடி?’ என்று கேட்டார். அத்தொழிலில் அதற்கு வேறு பெயர் இல்லை போலும்.

துளையிடுமுன் மதர்போர்டு, பவர் சப்ளை, வட்டுகள் யாவற்றையும் பெட்டியினின்றும் வெளியே எடுத்துவிட வேண்டும். இதில் சோம்பல் ஆகாது. துளையிடும்போது உதிரும் இரும்புச் சுருள் ஒன்று போர்டின்மேல் தங்கினால் போதும். மின்சாரம் குறுக்கே பாய்ந்து அதனை எரித்துவிடும். துளைகளின் ஓரத்தை அரத்தால் வழித்து, பெட்டியைத் தட்டி, துடைத்து, அதன் பிறகே உறுப்புகளை மீண்டும் பூட்டுக. காதைச் சுவரில் பிணைக்கப் பாப் ரிவெட்டு நல்லது. நீண்ட போல்ட் உள்ளே துருத்தி வட்டுக் கூட்டில் இடிக்கும்.

இங்கேதான் நான் தவறினேன். தகட்டின் விலையை மிச்சம் பிடிக்க எண்ணி, 177 மி.மீ. உயரமுள்ள முழுக் காதுக்குப் பதிலாக, மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக இரண்டிரண்டு விரல் அகலப் பட்டைகளே வெட்டச் சொன்னேன். பிடிப்பதுதானே காதின் வேலை. அதற்குப் பட்டை போதாதா என்பது என் எண்ணம். பெட்டிகள் உறுதியாக நின்றன. பேராசிரியரும் வந்து பார்த்துப் பாராட்டிச் சென்றார். அது பிப்ரவரி மாதம்.

காற்றின் போக்கு

மே மாதம் வந்தது. மூத்த மாணவர் புரதம் ஒன்றின் அசைவுகளைக் கணக்கிட்டுக்கொண்டிருந்தார். ஒரு கணக்கு முடியப் பன்னிரண்டு நாள் வேண்டும். ஏழாம் நாள் பிற்பகல் மூன்றாம் தட்டிலிருந்த கணினி தானே நின்றது. மீண்டும் தொடங்கினார், ஐந்தாம் நாள் நின்றது. மூன்றாம் முறை தொடங்கியதும் அவ்வாறே ஆயிற்று. இடையிடையே விடையைச் சேமிக்கும் ஏற்பாட்டை அவர் செய்திருக்கவில்லை. ஆய்வேட்டை ஒப்படைக்கும் நாளோ நெருங்கிக்கொண்டிருந்தது. செயலி, ஏறக்குறைய நூறு பாகை வெப்பத்தை நெருங்கும்போது முதலில் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அப்போதும் தணியாவிடில் தன்னைக் காத்துக்கொள்ள நின்றுவிடும். ஆகவே காரணம் வெப்பம் என்பதில் ஐயமில்லை. ஏ.சி. போதவில்லை, பெரியது வேண்டும் என்று விண்ணப்பம் எழுதத் தொடங்கினோம்.

எழுதுமுன் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு கணினி 150 வாட் மின்சாரம் உண்கிறது. நான்கும் 600 வாட். உண்டதெல்லாம் வெப்பமாகவே வெளிவரும். ஒரு டன் ஏ.சி. ஏறக்குறைய 3,500 வாட் வெப்பத்தை வெளியேற்ற வல்லது. நான்கு கணினிகளும் சேர்ந்து அதில் ஆறில் ஒரு பங்குதான். அறையின் வாயிலில் வெப்பமானியை வைத்தால் 27 பாகையே காட்டிற்று. அறை குளிர்ந்திருக்கிறது; கணினி வேகிறது. இஃதென்ன விந்தை?

வெப்பமானியை மூன்றாம் கணினியின் முன்வாயில், காற்று நுழையும் இடத்தில் வைத்தேன். 38 பாகை. பின்வாயில் வைத்தேன். 49 பாகை. அறையிலிருந்து 27 பாகைக் காற்றை உறிஞ்ச வேண்டிய கணினி, 38 பாகைக் காற்றை உறிஞ்சுகிறது! அந்த வெப்பக் காற்று எங்கிருந்து வந்தது? விடுதியிலிருந்து ஊதுபத்தி ஒன்றைக் கொணர்ந்து, பெட்டிக்கும் தூணுக்கும் இடையே இருந்த சந்தின் முன் பிடித்தேன். புகை உள்ளே செல்லவில்லை. சந்தினுள்ளிருந்து வெளியே வந்த காற்று அதனை என் முகத்தை நோக்கித் தள்ளிற்று. அங்கிருந்து திரும்பிக் கணினியின் முன்வாய்க்குள் நுழைந்தது. பின்னால் கக்கிய காற்றே பக்கச் சந்தின் வழியே முன்னால் வந்து மீண்டும் உண்ணப்படுகிறது என்பது வெட்டவெளிச்சமாயிற்று.

சந்தின் பரப்பை அளந்தபோது வெட்கமாக இருந்தது. திறப்பு 450, பெட்டி 358. ஒவ்வொரு பக்கமும் 46 மி.மீ. அகலச் சந்து. அதனை 177 மி.மீ. உயரத்தால் பெருக்க, 81 சதுர செ.மீ.; இருபுறமும் சேர்ந்து 163. பட்டைகள் மறைத்த சிறு பகுதி போக மற்றதெல்லாம் திறந்த வழியே. பெட்டியின் பின்னுள்ள 92 மி.மீ. விசிறியின் வாயோ 66 சதுர செ.மீ. மட்டுமே. வெப்பக் காற்று வெளியேறும் வாயிலைப் போல இரண்டு மடங்கினும் பெரிய வாயிலை, அது திரும்பி வருவதற்கென்று நானே திறந்து வைத்திருந்தேன்.

இதன் தீமை எவ்வளவு என்பதற்கு எளிய சமன்பாடு ஒன்றுண்டு. உள்ளே நுழையும் காற்றில் திரும்பி வந்த பங்கு ப என்றும், கணினி காற்றைச் சூடாக்கும் அளவு வ பாகை என்றும் கொள்வோம். நுழையும் காற்றின் வெப்பம் யாது? அதில் (1 − ப) பங்கு அறையின் வெப்பம். ப பங்கு, நுழைந்த வெப்பத்தோடு வ சேர்ந்த வெப்பம். இதனைச் சுருக்கினால், அறையின் வெப்பத்தினும் நுழைகாற்று ப / (1 − ப) மடங்கு வ மிகுதியாகும் என்று கிடைக்கும். எங்கள் கணினியில் வ என்பது 49இலிருந்து 38 போக 11 பாகை. நுழைகாற்று அறையினும் 11 பாகை மிகுதி. ஆகவே ப / (1 − ப) என்பது ஒன்று. ப என்பது பாதி. கணினி உண்ட காற்றில் பாதி, தான் உமிழ்ந்த காற்றே! இப்பங்கு முக்காலாக உயர்ந்தால் நுழைகாற்று அறையினும் 33 பாகை மிகுந்துவிடும். திரும்பும் பங்கு சிறிது கூடினாலும் தீமை பெரிதாகக் கூடும் என்பதை இச்சமன்பாடு தெளிவாக உணர்த்துகிறது. அறையை எவ்வளவு குளிர்வித்தாலும் இந்த மிகுதி அப்படியே நிற்கும். பெரிய ஏ.சி. வாங்கியிருந்தால் பணம் செலவாகியிருக்கும்; நோய் தீர்ந்திருக்காது.

மறுநாளே பட்டறைக்குச் சென்று முழுக் காதுகள் நான்கு ஜோடி மடக்கி வந்தோம். பெட்டிக்கு மேலே எஞ்சிய விரற்கடைச் சந்தை நுரைப் பட்டையால் அடைத்தோம். ரேக்கில் வெறுமையாக இருந்த யூக்களையும் வெற்றுத் தகடுகளால் மூடினோம். அன்று மாலை மூன்றாம் கணினியின் முன்வாயில் வெப்பமானி 29 பாகை காட்டிற்று. மூத்த மாணவரின் கணக்கு நான்காம் முறை பன்னிரண்டு நாளும் ஓடி முடிந்தது. இம்முறை ஆறு மணிக்கு ஒருமுறை விடையைச் சேமிக்கவும் அவர் மறக்கவில்லை.

ஆகவே காது என்பது பிடி மட்டுமன்று, அது சுவர். முன்புறக் குளிர்காற்றையும் பின்புற வெப்பக்காற்றையும் பிரிக்கும் சுவர். ரேக்குக்கென்றே செய்த சர்வர்கள் 19 அங்குலமும் நிறைந்திருப்பதால் அச்சுவர் தானே அமைந்துவிடுகிறது. மேசைப் பெட்டியை ஏற்றுவோர் அதனைத் தாமே எழுப்ப வேண்டும்.

எத்துணைக் காற்று தேவை என்பதையும் கணக்கிட்டுக் கொள்ளலாம். ஒரு கன மீட்டர் காற்றின் நிறை ஏறக்குறைய 1.2 கிலோ. ஒரு கிலோ காற்றை ஒரு பாகை சூடாக்க ஏறக்குறைய 1,000 ஜூல் வேண்டும். 150 வாட் வெப்பத்தை, காற்று 10 பாகை மட்டுமே சூடாகும்படி வெளியேற்ற, 150ஐ 12,000ஆல் வகுக்க, நொடிக்கு 0.0125 கன மீட்டர், அதாவது 12.5 லிட்டர் காற்று வேண்டும். கிராபிக்ஸ் அட்டையோடு 300 வாட் உண்ணும் கணினிக்கு இதனைப் போல் இருமடங்கு. விசிறியின் உறைமேல் எழுதிய அளவு தடையில்லா வெளியில் கிடைப்பது. பெட்டிக்குள் அது கணிசமாகக் குறையும் என்பதை நினைவிற் கொண்டு பெரிதாகவே தேர்ந்தெடுக்க. பெட்டியின் பக்கக் கதவில் காற்றுத் துளைகள் இருப்பின், படுத்த நிலையில் அவை மேலே உள்ள தட்டால் அடைபடும். அத்துளைகளை நம்பியிருந்த பெட்டிக்கு முன்புறத்தில் புதிய விசிறி ஒன்று வைத்தே தீர வேண்டும்.

மின்சாரம்

நான்கு கணினிகள் 600 வாட். 230 வோல்ட்டில் ஏறக்குறைய 2.6 ஆம்பியர். ஆறு ஆம்பியர் பிளக் ஒன்று இதனைத் தாங்கும். அதன் எல்லை 1,380 வாட். கிராபிக்ஸ் அட்டைகள் ஏறினால் எல்லையை எளிதில் தொட்டுவிடுவோம்; அப்போது பதினாறு ஆம்பியர் இணைப்பு வேண்டும். மின்தடைக்குப் பின் நான்கும் ஒருங்கே எழாமல் ஒவ்வொன்றாய் எழும்படி ஏற்பாடு செய்தல் நன்று.

நில இணைப்பை ஒருபோதும் புறக்கணித்தல் ஆகாது. பெட்டி தட்டின்மேல் இருக்கிறது, தட்டு ரேக்கில் இருக்கிறது, ஆகவே எல்லாம் ஒரே உலோகம் என்று எண்ணுதல் பிழை. இடையிலுள்ள வண்ணப்பூச்சு மின்சாரத்தைக் கடத்தாது. காதைப் பிணைக்கும் இடத்தில் பூச்சைச் சுரண்டிப் பல்வைத்த வாஷர் இடுக. ரேக்கைப் பச்சை மஞ்சள் கம்பியால் கட்டடத்தின் நில இணைப்போடு சேர்க்க. பழைய கணினியின் மூன்று முள் பிளக்கில் நடுமுள் ஒடிந்திருந்தால் அதனை எறிந்துவிட்டுப் புதிது வாங்குக; அதன் விலை ஓர் உயிரின் விலையன்று.

எப்போது செய்யலாகாது?

இத்தனையும் கூறிய பின், செய்யத்தகாத இடங்களையும் கூறுதல் கடமை. நாள்தோறும் பலர் உயிரோ பொருளோ நம்பியிருக்கும் பணிக்கு இவ்வேற்பாடு ஆகாது. மேசைக் கணினியில் பெரும்பாலும் ஒரே பவர் சப்ளைதான். அது போனால் எல்லாம் போயிற்று. நினைவகப் பிழையைத் திருத்தும் வசதியும் அதில் பொதுவாக இல்லை. ரேக்கில் இடம் அருமையாக உள்ள இடத்திலும் இது பொருந்தாது. நான்கு யூவில் நாம் வைக்கும் ஒரு கணினிக்குப் பதிலாக ஒரு யூ சர்வர்கள் நான்கு அடங்கும். இடம் இருக்கிறது, பணம் இல்லை, நின்றாலும் மீண்டும் ஓட்டிக்கொள்ளலாம் என்னும் நிலையிலுள்ள மாணவர் ஆய்வகத்திற்கே இது உரியது.

அத்தகைய ஆய்வகங்கள் நம் நாட்டில் மிகப் பல. கழித்துப் போட்ட நான்கு பெட்டிகளால் ஒரு துறையின் இளையோர் தங்கள் கணக்குகளைப் பிறர் தயவின்றி ஓட்டிக்கொள்ள முடியுமானால், ஒரு நாள் தகடு வெட்டும் உழைப்பு வீணன்று. வெட்டும்போது காதை மட்டும் முழுதாக வெட்டுக. நான் மிச்சம் பிடித்த தகட்டின் விலை இருநூறு ரூபாய்கூட இராது.